ஒற்றைத் தலைவலியும் உளநோயும்

முன்னுரை

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. இவ்விரண்டனுள் காய்ச்சலைப் பிறரும் தொட்டு அறியலாம். வெப்பமானி அதனை அளந்து காட்டிவிடும். தலைவலிக்கோ அத்தகைய புறச்சான்று யாதும் இல்லை. வலியுற்றாரது வாய்மொழியே அதற்குச் சான்று. மனச்சோர்வு, பதற்றம் முதலிய உள்ளத்து நோய்களின் நிலையும் இதுவே. இவ்விருவகை நோய்களும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படுமாயின், 'எல்லாம் மனத்தின் வேலை' என்று ஒரே சொல்லால் இரண்டையும் ஒதுக்கிவிடுதல் காண்போர்க்கு எளிதாகின்றது. அங்ஙனம் ஒதுக்கப்பட்டோர் இரு நோய்க்கும் உரிய மருத்துவம் பெறாது வருந்துகின்றனர்.

ஒற்றைத் தலைவலிக்கும் உளநோய்க்கும் இடையே உள்ளது காரண காரியத் தொடர்பா, பிறிதொன்றா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது மருத்துவர்க்கு உரிய பொருளாயிற்றே, தமிழாய்வு இதழில் இதற்கு இடம் யாது எனச் சிலர் வினவலாம். நோய்க்கு இடும் பெயர் அந்நோயைப் பற்றிய கருத்தையும் உடன் கொண்டு செல்லும். அறிவியலைத் தமிழிற் சொல்லக் கலைச்சொல் ஆக்கும் பணியில் தமிழ் பயின்றோர்க்கும் பங்கு உண்டு. பொருளைப் பிழைபட உணர்ந்து ஆக்கிய சொல், அப்பிழையையே மக்களிடைப் பரப்பும். ஆதலின் பொருளை முதற்கண் தெளிந்து, பின்னர்ச் சொல்லை ஆராய்வோம்.

நோயின் பெயரும் இயல்பும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவர் இந்நோயை 'ஹெமிக்ரேனியா' என்று வழங்கினார். 'ஹெமி' என்பது பாதி. 'க்ரேனியோன்' என்பது மண்டை. இச்சொல்லே இலத்தீன் வழியாகப் பிரெஞ்சு மொழியிற் புகுந்து 'மைக்ரேன்' எனத் திரிந்தது. வடமொழி மருத்துவ நூல்களாகிய சரக சங்கிதையும் சுசுருத சங்கிதையும் இதனை 'அர்த்தாவபேதகம்' என்னும். பாதியைப் பிளப்பது என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் 'ஒற்றைத் தலைவலி' என்பர். ஈழத் தமிழர் 'ஒற்றைத் தலையிடி' என்பர். தம்முள் வேறுபட்ட இம்மொழிகள் யாவும் வலி தோன்றும் இடத்தை நோக்கியே இந்நோய்க்குப் பெயரிட்டிருத்தல் கருதத்தக்கது.

ஆயினும் இடம் ஒன்றே இந்நோயின் இலக்கணம் அன்று. அனைத்துலகத் தலைவலிக் கழகம் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பின்படி, மருத்துவம் செய்யாவிடின் 4 மணி முதல் 72 மணி வரை நீடிக்கும் தாக்கம் குறைந்தது 5 முறை நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஒருபுறத்தே நிற்றல், துடிப்புடைமை, நடுத்தரமான அல்லது மிகுதியான கடுமை, நடத்தல் படியேறுதல் முதலிய வழக்கமான அசைவால் மிகுதல் என்னும் நான்கனுள் இரண்டேனும் அமைதல் வேண்டும். அவற்றுடன் குமட்டல் அல்லது வாந்தி இருத்தல் வேண்டும். அன்றி, ஒளியையும் ஒலியையும் பொறுக்கலாற்றாமை இருத்தல் வேண்டும். எனவே, தலையின் இருபுறமும் வலிப்பினும் அது ஒற்றைத் தலைவலியாதல் கூடும். பெயர் நோயின் ஒரு கூற்றையே உணர்த்துகின்றது என்பது இதனாற் புலனாம்.

இந்நோய் அரிதாக வருவதும் அன்று. கருநாடக மாநிலத்தில் மக்களிடையே நிகழ்த்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வு, ஓராண்டுக் காலத்துள் ஒற்றைத் தலைவலி உற்றோர் நூற்றுக்கு 25.2 பேர் எனக் கண்டது. பருவம் எய்திய பின்னர் இது பெண்டிரிடத்து ஆடவரினும் இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகின்றது. பெண்டிர் கூறும் வலியை 'நரம்புத் தளர்ச்சி' என்றும் 'மனக்கற்பனை' என்றும் புறந்தள்ளிய பழக்கம் இந்நோயின் வரலாற்றோடு பின்னிக்கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாக்கத்தின் படிநிலைகளுள் ஒன்று ஈண்டுச் சிறப்பாகக் கருதற்பாலது. வலி தொடங்குதற்குச் சில மணிக்கு முன்னரோ, ஒரிரு நாட்களுக்கு முன்னரோ முற்குறிகள் தோன்றும். அடிக்கடி கொட்டாவி விடுதல், களைப்பு, கழுத்து இறுக்கம், சில உணவின்மேல் வேட்கை, எரிச்சல், மனம் வாடுதல் என்பன அவை. நோயுற்றார் காலையிற் சினந்தார், மாலையில் தலைவலியுற்றார். காண்போர், சினமே தலைவலியை விளைத்தது என்பர். உண்மையில் அச்சினம் அன்று காலையே தொடங்கிவிட்ட தாக்கத்தின் முதற்கூறாக இருத்தல் கூடும். முன்னர்த் தோன்றியதனாலேயே ஒன்றைக் காரணம் எனத் துணிதல் அளவை நூலார் கடியும் பிழை. ஒற்றைத் தலைவலியைப் பற்றிய பொதுமக்கள் கருத்துகள் பலவும் இப்பிழையின்மேல் எழுந்தனவே.

பழைய கொள்கை

இக்கருத்து பொதுமக்களிடத்து மட்டும் நின்றதன்று. 1873இல் எட்வர்டு லிவீங் என்னும் ஆங்கில மருத்துவர் ஒற்றைத் தலைவலியைப் பற்றி ஒரு பெருநூல் இயற்றினார். நரம்பு மண்டிலத்தில் எழும் ஒருவகைப் புயலே இந்நோய் என்பது அவர் கொள்கை. நோயின் இருப்பிடம் மூளையும் நரம்புமே என்று அவர் கண்டது, பின்னாளைய ஆராய்ச்சியோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க்கு நகரத்து மருத்துவராகிய ஹரால்டு வொல்ஃப், தம்மிடம் வந்த நோயாளரின் குணநலன்களை ஆராய்ந்து 1937இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒற்றைத் தலைவலியுடையோர் உயர்வேட்கை உடையர், எதிலும் குறையின்மையை நாடுவர், ஒழுங்கில் விடாப்பிடியாக நிற்பர், சினத்தை உள்ளடக்குவர் என்பன அவர் கண்ட இயல்புகள். இதனின்றும் 'ஒற்றைத் தலைவலிக் குணம்' என்றொரு கருத்து எழுந்து பல்லாண்டுகள் வழங்கியது. வொல்ஃப் தலைவலியின்போது நாளங்களில் நிகழும் மாற்றத்தை அளந்தறிந்த சிறந்த ஆராய்ச்சியாளர். ஆயினும் குணத்தைப் பற்றிய அவர் முடிபு ஒரு குறையுடையது. அவர் கண்டது தம் மருத்துவமனையை நாடி வந்தோரை மட்டுமே. நோயைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருந்தோரை அவர் காணவில்லை.

இக்குறை யாங்ஙனம் பிழையை விளைக்கும் என்பதை, ஜோசப் பெர்க்சன் என்னும் புள்ளியியலார் 1946இல் விளக்கினார். இரண்டு நோய் உடையார், ஒன்றே உடையாரினும் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் மருத்துவமனையில் மட்டும் எண்ணிப் பார்ப்போர்க்குத் தொடர்பே இல்லாத இரு நோய்களும் தொடர்புடையன போலத் தோன்றும். ஒரு புலவரின் பாடல்களுள் தொகை நூலிற் சேர்ந்தவற்றை மட்டும் நோக்கி, அவர் பாடியன அனைத்தும் இத்தகையன என முடிவு கட்டுதல் போல்வது இது. தொகுத்தார் தேர்ந்தெடுத்த நெறியும் அம்முடிவிற் கலந்துவிடுகின்றது.

மக்களிடை நிகழ்ந்த ஆய்வுகள்

எனவே, மருத்துவமனைக்கு வெளியே பொதுமக்களிடையே ஆராய்தல் இன்றியமையாததாயிற்று. சுவிட்சர்லாந்தில் சூரிச்சு நகரப் பகுதி இளைஞரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்டு வந்த ஆராய்ச்சியின் முடிபுகளை மெரிக்காங்கசு, ஆங்ஸ்டு, ஐசுலர் என்னும் மூவரும் 1990இல் வெளியிட்டனர். பொதுமக்களிடையேயும் ஒற்றைத் தலைவலி மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் வலிய தொடர்புடையது என்பது அதனாற் பெறப்பட்டது. பெர்க்சன் கூறிய பிழை ஒன்றனாலேயே இத்தொடர்பை விளக்கிவிடல் இயலாது என்பதும் தெளிவாயிற்று. மேலும், இரு நோயும் உடையாரிடத்துப் பெரும்பாலும் பதற்றம் இளமையில் முதலில் தோன்றியது. பின்னர் ஒற்றைத் தலைவலி வந்தது. அதன் பின்னரே மனச்சோர்வு வந்தது. மனச்சோர்வே தலைவலிக்குக் காரணமாயின் இம்முறை மாறி நின்றிருத்தல் வேண்டும்.

அமெரிக்காவில் டெட்ராய்ட்டு நகரப் பகுதியில் நயோமி பிரெஸ்லோவும் அவர்தம் குழுவினரும் செய்த ஆராய்ச்சி இதனினும் நுட்பமானது. 2000இல் வெளியான அவர்தம் கட்டுரை மூவகையினரை ஒப்பிட்டது. ஒற்றைத் தலைவலியுடையோர் 536 பேர். அதற்கு ஒத்த கடுமையுடைய பிற தலைவலி உற்றோர் 162 பேர். கடுந்தலைவலி இல்லாதோர் 586 பேர். தலைவலியுடைய இருவகையினரிடத்தும், வாழ்நாளில் பெரும் மனச்சோர்வு உற்றோர், தலைவலி இல்லாதோரினும் ஏறத்தாழ மூன்று மடங்கினர். இதுவரையில் இருவகையினரும் ஒத்தனர். எது முன், எது பின் என்று நோக்கியவழி வேறுபாடு வெளிப்பட்டது. ஒற்றைத் தலைவலியுடையோர் பின்னாளில் மனச்சோர்வுறும் வாய்ப்பு மிகுதி. மனச்சோர்வுற்றோர் பின்னாளில் ஒற்றைத் தலைவலியுறும் வாய்ப்பும் மிகுதி. பிற கடுந்தலைவலியிலோ தொடர்பு ஒரு திசையிலேயே சென்றது. வலி மனச்சோர்வுக்கு வழிகோலியது; மனச்சோர்வு அத்தகைய வலிக்கு வழிகோலியதாகப் புலப்படவில்லை.

இதன் பயனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நெடுங்காலம் வலியில் உழல்வோர் மனம் சோர்தல் இயல்பு. தொடர்பு இவ்வளவே எனின், ஒத்த கடுமையுடைய எல்லாத் தலைவலியும் ஒரே தன்மையினவாக நிற்றல் வேண்டும். அங்ஙனம் நில்லாமையின், ஒற்றைத் தலைவலிக்கும் மனச்சோர்வுக்கும் இடையே வலியால் வந்த துன்பத்தின் வேறாகப் பிறிதொரு பிணைப்பும் உண்டு என்பது போதரும்.

பொது வேர்

அப்பிணைப்பு யாது? 1961இல் இத்தாலி நாட்டு மருத்துவர் சிக்குத்தேரியும் உடனாய்ந்தோரும், தாக்கத்தின்போது செரடோனின் என்னும் பொருளின் சிதைவுக்கூறு சிறுநீரில் மிகுதல் கண்டனர். மனச்சோர்வு ஆராய்ச்சியிலும் பெரிதும் பேசப்பட்டது இச்செரடோனினே. 1991இல் வழக்கிற்கு வந்த சுமாட்ரிப்டான் என்னும் மருந்து, செரடோனின் ஏற்பிகளுட் சிலவற்றின்மேற் செயற்பட்டு ஒற்றைத் தலைவலியைத் தணிப்பது.

மரபணு ஆராய்ச்சி இதற்கு மேலும் வலுச் சேர்த்தது. மூளையைப் பற்றிய 25 நோய்களை ஒப்பிட்டு, 2,65,218 நோயாளர், 7,84,643 நோயிலார் ஆகியோரின் மரபணுச் செய்திகளை ஆராய்ந்த பெருந்தொகுதி ஒன்று 2018இல் வெளியாயிற்று. நரம்பு நோய்கள் எனப்பட்டவற்றுட் பெரும்பாலன உளநோய்களோடு மரபணுவளவில் மிகுந்த ஒற்றுமை காட்டவில்லை. அவற்றுள் ஒற்றைத் தலைவலி வேறுபட்டு நின்றது. அது பெரும் மனச்சோர்வு உள்ளிட்ட சில உளநோய்களோடு தொடர்பு காட்டிற்று. ஒரு வேரினின்றும் எழுந்த இருகிளைகள் ஒன்றையொன்று விளைத்தன ஆகா; ஆயினும் உறவுடையன.

மருந்து காட்டும் சான்று

ஒற்றைத் தலைவலி என்பது மறைந்து நிற்கும் மனச்சோர்வே எனின், மனச்சோர்வைத் தீர்க்கும் மருந்து எதுவாயினும் தலைவலியையும் தீர்த்தல் வேண்டும். நிகழ்ந்தது அதுவன்று. அமிட்ரிப்டிலின் என்னும் மனச்சோர்வு மருந்து ஒற்றைத் தலைவலியைத் தடுக்கின்றது. ஆயினும் அப்பயன் மனச்சோர்வைத் தணித்தலால் வந்ததன்று, பெரும்பாலும் தனித்து நிற்பது என்பதைக் கவுச்சு, ஹசானீன் என்போர் 1979இல் காட்டினர். மறுதலையாக, செரடோனின் மறுவுறிஞ்சலை மட்டும் தடுக்கும் புதிய மனச்சோர்வு மருந்துகள் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில் வெற்று மருந்தினும் சிறந்தன என்பதற்குச் சான்றில்லை என 2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு முடிவு கூறிற்று. 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எரெனுமாப் என்னும் மருந்து, வலியைப் பரப்பும் ஒரு புரதக்கூற்றின் ஏற்பியைத் தடுத்துத் தாக்கங்களைக் குறைக்கின்றது. அது மனச்சோர்வுக்கென அமைந்த மருந்தே அன்று.

மேலே குறித்த 2018ஆம் ஆண்டு வகைப்பாட்டிலும் இத்தெளிவு காணப்படுகின்றது. உளநோயால் விளையும் தலைவலிக்கென அதில் ஒரு பகுதி உண்டு. ஆனால் மனச்சோர்வால் விளையும் தலைவலி, பதற்றத்தால் விளையும் தலைவலி என்பன அதன் உடற்பகுதியில் இடம் பெறவில்லை. மேலும் ஆராயத்தக்கன என்று பிற்சேர்க்கையில் வைக்கப்பட்டுள்ளன.

இனி, நோய்கள் வேறு வேறு என்றமையால் ஒன்றைப் புறக்கணித்து ஒன்றுக்கு மருத்துவம் செய்யலாம் எனக் கொள்ளற்க. மனச்சோர்வுடையாரிடத்து, இடையிட்டு வரும் ஒற்றைத் தலைவலி, மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் வரும் நாட்பட்ட தலைவலியாக மாறும் வாய்ப்பு மிகுதி என 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. வலி தணிக்கும் எளிய மருந்துகளையும் மாதத்தில் 15 நாள் அளவு தொடர்ந்து உண்பின், அம்மருந்தே தலைவலியை வளர்க்கும். மருந்துத் தேர்விலும் இரு நோயையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும். தலைவலியைத் தடுக்கும் ஃபுளுனாரிசின் மனச்சோர்வை மிகுவிக்கும். டோப்பிரமேட்டும் சிலரிடத்து அங்ஙனம் செய்யும். இருமுனை மனநிலைக் கோளாற்றுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் ஒருங்கே பயன்படும் வால்புரோயேட்டு, கருவுற்ற மகளிர்க்குத் தீங்கானது; கருவுக்குக் கேடு விளைப்பது. தலைவலிக்கு ஒருவரையும் மனச்சோர்வுக்கு ஒருவரையும் நாடுவோர், ஒருவர் தந்த மருந்தை மற்றவரிடம் மறையாது உரைத்தல் இன்றியமையாதது.

ஒளிக்காட்சி முதலிய முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலியுடையாரிடத்துத் தற்கொலை முயற்சி மிகுதி என்பதும், உடன் உள்ள மனச்சோர்வைக் கழித்து நோக்கினும் அம்மிகுதி நீங்கிவிடவில்லை என்பதும் பிரெஸ்லோ 1990க்குப் பின்னர் வெளியிட்ட முடிபுகள். தலைவலி என்று வருவோரிடத்து, உள்ளத்தின் நிலையையும் வினவுதல் கடமை என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டா. ஆயின் அவ்வினா, 'உன் வலி பொய்யோ' என்னும் ஐயமாக ஒலித்தல் ஆகாது. 'இதனோடு அதுவும் உண்டோ' என்னும் பரிவாக ஒலித்தல் வேண்டும்.

மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியும், அறிவுவழி நடத்தை மருத்துவமும் ஒற்றைத் தலைவலியின் தாக்கங்களைக் குறைக்கின்றன என்பதும் ஆராய்ந்து கண்ட உண்மையே. அதனால் நோயின் காரணம் மனமே எனத் துணிதல் பொருந்தாது. நடைப்பயிற்சி நீரிழிவைத் தணிக்கின்றது. அதனால், நடவாமை ஒன்றே நீரிழிவின் காரணம் ஆகிவிடாது.

எச்சொல் தகும்?

இனிச் சொல்லுக்கு வருவோம். ஒரு நோயோடு உடன் நிற்கும் மற்றொரு நோயைக் குறிக்க, ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1970இல் ஒரு கலைச்சொல் ஆக்கினார். அதற்கு நேரான தமிழ்ச்சொல் யாது? 'பின்விளைவு' என்பது காரண காரியத்தை உட்கொண்டது, ஆகவே பொருந்தாது. 'துணைநோய்' என்பது ஒன்று தலைமையுடையது, மற்றது அதற்கு அடங்கியது என்னும் கருத்தைத் தரும், அதுவும் பொருந்தாது. 2020இல் கொள்ளைநோய் பரவிய காலத்து, நாளிதழ்களும் அரசு அறிக்கைகளும் 'இணைநோய்' என்னும் சொல்லைப் பெரிதும் வழங்கின. மக்கள் நாவிற் பயின்றுவிட்ட இச்சொல்லே தகுதியுடையது என யாம் கருதுகின்றோம். இணை என்பது ஒப்புமையும் சேர்க்கையும் உணர்த்தும்; முதல் இது, வழி இது என்று கூறுபடுத்தாது. தொல்காப்பியர் உள்ளுறையின் வகைகளைக் கூறுமிடத்து ஆளும் 'உடனுறை' என்னும் சொல்லையும் ஈண்டு நினைவு கூரலாம். ஒருங்கு உறைதல் என்னும் அதன் நேர்ப்பொருள் இணைநோயின் கருத்தை விளக்க உதவும்.

'நோய்' என்னும் சொல்லின் பரப்பும் கருதத்தக்கது. நோதல் என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல், உடற்பிணிக்கும் உள்ளத்துயர்க்கும் பொதுவாய் வழங்கி வந்துள்ளது. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்து நோய் என்பது உடற்பிணி. 'படர்மெலிந்திரங்கல்' அதிகாரத்து நோய் என்பது பிரிவால் வந்த உள்ளத்துயர். கால் நோகின்றது என்கின்றோம். மனம் நொந்தது என்கின்றோம். 'மண்டையிடி' என்னும் வழக்கும் வலியையும் தொல்லையையும் ஒருங்கே சுட்டுகின்றது. இதனைக் காட்டி, இன்றைய மருத்துவ உண்மையை நம் முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் என நிறுவுதல் எம் நோக்கம் அன்று. அது சொல்லின்மேற் சுமத்தும் பெரும்பாரம். மேலும், மெய்ப்பாட்டியல் காட்டுவது உள்ளத்து நிகழ்வு உடலிற் புலப்படும் ஒருநெறியே. இக்கால ஆய்வு கண்டதோ இருநெறி. எம் கருத்து இவ்வளவே: வலியையும் துயரையும் ஒரு சொல்லால் வழங்கிய மொழியில், ஒன்றை மெய் என்றும் மற்றதைப் பொய் என்றும் பிரித்துப் பேசவேண்டிய கட்டாயம் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், ஒற்றைத் தலைவலி மனத்தின் கற்பனையன்று என்பதும், மனச்சோர்வு தலைவலியின் நிழல் மட்டும் அன்று என்பதும், இரண்டும் ஒன்றற்கொன்று வழிகோலும் இணைநோய்கள் என்பதும், அவை ஒரு பகுதி பொதுவேர் உடையன என்பதும் பெறப்படும். 'எல்லாம் மனத்தின் வேலை' என்பார் உடலின் வலியை மறுக்கின்றனர். 'வெறும் தலைவலிதானே' என்பார் உள்ளத்தின் துயரை மறுக்கின்றனர். இவ்விரு மறுப்பையும் தாங்கிக்கொண்டு வகுப்பறையிலும் நூலகத்திலும் நம்மிடையே அமர்ந்திருப்போர் பலர். அவர் தம் நோயைக் கூறுங்கால், வாய்மொழியன்றி வேறு சான்று காட்ட அவரால் இயலாது. அவ்வாய்மொழியை நம்புதலே அவர்க்கு நாம் செய்யத்தக்க முதல் உதவி. உரிய மருத்துவரிடம் இரு நோயையும் ஒருங்கே உரைக்குமாறு அவரை ஊக்குதல் அதனை அடுத்தது.